பொய் வழக்கு: கேள்வி - பதில்

கே: பாதைத் தகராறில் பக்கத்து வீட்டுக்காரர் ‘கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிடுவேன்’ என்று மிரட்டுகிறார். முந்திக்கொள்ள வழி உண்டா?

ப: சி.பி.சி. (உரிமையியல் நடைமுறைச் சட்டம்) 148ஏ-இன்படி கேவியட் மனு போடுங்கள்; ‘என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்’ என்று கோர்ட்டில் முன்கூட்டியே சொல்லிவைக்கும் மனு அது. நகலை ஒப்புகையுடன் அவருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். மனுவுக்கு 90 நாள்தான் உயிர். முடிவதற்குள் மறுபடி போடுங்கள். தேதியைக் கோட்டை விடாதீர்கள்.

கே: என் மனையில் வீடு கட்டக் கூடாதென்று பங்காளி ஒருவர் எங்களைக் கேட்காமலே இடைக்காலத் தடை வாங்கிவிட்டார். இதே மனைக்கு அவர் அப்பா போட்ட வழக்கு முன்பே தள்ளுபடியானது. எட்டு மாதமாக வாய்தாதான். ‘பத்து லட்சம் கொடு, வாபஸ் வாங்குகிறேன்’ என்கிறார்.

ப: மாதம் தவறாமல் இப்படி ஒரு கடிதம் வருகிறது. அவருக்கு ஜெயிக்கும் எண்ணமே கிடையாது. நிற்கிற கம்பி துருப்பிடிக்கிறது, வீட்டுக்கடன் வட்டி ஏறுகிறது. அதைக் கணக்குப் போட்டுத்தான் விலை சொல்கிறார். ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

பழைய வழக்கின் பிராது (வழக்கு மனு), தீர்ப்பு, டிகிரி (தீர்ப்பாணை) மூன்றுக்கும் கோர்ட்டில் சான்றிட்ட நகல் எடுங்கள். ஜெராக்ஸ் உதவாது. பிறகு இவருடைய அபிடவிட்டை (சத்தியப் பிரமாண வாக்குமூலம்) பத்தி பத்தியாகப் படியுங்கள். ‘இம்மனை குறித்து வேறு வழக்கு இல்லை’ என்று ஒரு வரி இருக்கும், இல்லாவிட்டால் பழைய வழக்கைப் பற்றி மூச்சே இருக்காது. அந்த இடத்தைக் காட்டி, சி.பி.சி. கட்டளை 39, விதி 4-இல் தடையை நீக்க மனுப் போடுங்கள். முக்கிய விஷயத்தில் தெரிந்தே பொய் சொல்லி ஒருதலையாக வாங்கிய தடையை நீதிமன்றம் நீக்க வேண்டும். நீக்காவிட்டால் காரணம் எழுத வேண்டும்.

விதி 3-இன்படி, தடை கிடைத்த அன்றோ மறுநாளோ பிராது, அபிடவிட், ஆவண நகல்களை அவர் உங்களுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அந்தத் தபால் உறையை எறிந்துவிடாதீர்கள். தாமதித்தார் என்பதற்கு முத்திரைத் தேதிதான் சாட்சி. தடை மனுவை 30 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது விதி 3ஏ. எட்டு மாதத்தில் உங்கள் தரப்பு எத்தனை வாய்தா கேட்டது என்றும் பாருங்கள். எதிர்வாதுரைக்கு, அதாவது வழக்குக்கு நீங்கள் எழுத்தில் தரும் பதிலுக்கு, 30 நாள், மிஞ்சினால் 90 நாள். அதைத் தாக்கல் செய்தீர்களா என்று நீங்கள் எழுதவே இல்லை!

இழப்பீடு கேட்கலாம். ஆனால் காரணமில்லாமல் வாங்கிய தடைக்கான சி.பி.சி. பிரிவு 95-இல் உச்சவரம்பு 50,000 ரூபாய்; பொய் வழக்குக்கென்றே உள்ள 35ஏ-இல் வெறும் 3,000. பத்து லட்சம் பேரம் பேசுகிறவர் மூவாயிரத்துக்கா பயப்படுவார்? இந்தத் தொகையை உயர்த்தாத வரை இந்தக் கொள்ளை நிற்காது.

கே: வாடகைக்காரர் காலி செய்ய மறுக்கிறார். நகை திருடியதாகப் புகார் கொடுத்தால் பயந்து போய்விடுவார். எந்த செக்‌ஷன் போடச் சொல்லலாம்?

ப: உங்கள் மேல் பாயக்கூடிய செக்‌ஷன் பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 248. தெரிந்தே பொய்க் குற்றம் சாட்டினால் 5 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வாடகை நீதிமன்றத்துக்குப் போங்கள்.

கே: பொய்ப் புகாரிலிருந்து விடுதலையாகி இரண்டு வருடமாகிறது. நஷ்டஈடு கேட்கலாமா?

ப: கெடு ஓராண்டுதான், தேதியைக் கோட்டை விட்டுவிட்டீர்கள். மேல்முறையீடு ஏதும் நடந்திருந்தால் தேதிகளோடு எழுதுங்கள்.

கே: எங்கள் தெருவில் ஒருவர் கண்டவர் மேலெல்லாம் வழக்குப் போடுகிறார். நிறுத்தவே முடியாதா?

ப: 1949-ஆம் ஆண்டின் மதராஸ் தொல்லை வழக்குத் தடுப்புச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. அட்வகேட் ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) மனுச் செய்ய, உயர் நீதிமன்றம் உத்தரவிட்டால், அதன்பின் அந்த ஆள் அனுமதியில்லாமல் எந்த வழக்கும் தொடுக்க முடியாது. அனுமதி தர வேண்டியது சென்னை நகரில் உயர் நீதிமன்றம், வெளியூரில் மாவட்ட நீதிபதி. தெருக்காரர்கள் சேர்ந்து வழக்கு எண், தேதி, முடிவு எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, தள்ளுபடியான ஒவ்வொன்றுக்கும் சான்றிட்ட நகலோடு அட்வகேட் ஜெனரலுக்கு எழுதுங்கள்.