வலை போர்த்திய பழம்

கேள்வி: புறவாசலில் யாரும் நடாமலே ஒரு கொடி முளைத்து, காம்பவுண்டு சுவரையும் முருங்கை மரத்தையும் மூடிவிட்டது. கோலிக்குண்டு அளவில் மஞ்சள் பழம், அதைச் சுற்றிப் பச்சை வலை. இலையைக் கசக்கினால் நாற்றம். பக்கத்து வீட்டில் கோவை என்கிறார்கள். பேரப்பிள்ளைகள் பறித்துத் தின்கிறார்கள், பயமாக இருக்கிறது. எப்படி ஒழிப்பது?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: கோவை இல்லை. அந்த வலை ஒன்றே போதும், இது சிறுபூனைக்காலி. தாட்பூட் பழத்துக்கு (பேஷன் ஃப்ரூட்) சொந்தம், அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்தது. வலையைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள்: இழை நுனிகளில் பிசின் துளி இருக்கும், சின்னப் பூச்சிகள் ஒட்டிச் செத்துக் கிடக்கும். பூ வெள்ளை, நடுவில் ஊதா வளையம். கோவைப் பழமோ நீளம், சிவப்பு, வலை கிடையாது. சிவப்பு உருண்டையில் வெள்ளைக் கோடு ஓடினால் அது ஐவிரலி. அது நஞ்சு, பிள்ளைகளைக் கிட்டவே விடாதீர்கள்.

உங்கள் கொடியில் நன்றாகப் பழுத்த பழத்தின் சதையைத் தின்னலாம். பச்சைக் காயிலும் இலையிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. காயைத் தொடக்கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அறுத்த கொடியை ஆட்டுக்கும் போடவேண்டாம்.

ஒழிக்கும்போது பலரும் தவறுவது முதல் வேலையில்தான். அரிவாளை எடுக்குமுன் காய், பழம் எல்லாவற்றையும் பறித்துச் சாக்கில் கட்டுங்கள். பழம் உதிர்ந்தால் ஒவ்வொன்றிலும் நிறைய விதை, அடுத்த மழைக்குத் தரை முழுக்க முளைக்கும். சாக்கை எருக்குழியில் கொட்டக்கூடாது. பிறகு கொடியை அடியில் அறுத்து, மரத்திலேயே பத்து நாள் காயவிடுங்கள். பச்சையாக இழுத்தால் முருங்கைக் கொப்பு முறிந்துவிடும், அது அவ்வளவு மெத்தென்ற மரம். காய்ந்த கொடி தானே பொடிந்து வரும்.

அறுத்ததோடு விட்டால் அடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும். ஐப்பசி மழையில் மண் இளகியதும் மண்வெட்டியால் சுற்றிலும் ஒரு சாண் ஆழம் தோண்டி, வேரை முழுசாக எடுங்கள். கல் உப்பு கொட்டினால் முருங்கையும் வாடும். களைக்கொல்லி அடித்தால் கீரை பறிக்கமுடியாது.

அப்புறம் மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சுவரோரம் பாருங்கள். பறவை எச்சத்திலும் விதை வரும். மூன்று மடலாகப் பிரிந்த, பூனைமுடி போர்த்திய சின்ன இலை தெரிந்தால் பூக்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள்.