டர்பனில் இருந்துகொண்டு நானோ உராய்வு ஆராய்ச்சி

தங்கச்சி, மதுரையில் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்துக் கணவரோடு தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்திருக்கிறீர்கள். அணு அளவில் உராய்வைக் கணினியில் ஆராய்ந்து பி.எச்டி. செய்ய ஆசை, இங்கே வழி உண்டா, ஐரோப்பாவுக்குத்தான் போகவேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இங்கேயே செய்யலாம். ஆனால் உராய்வு என்ற பெயரில் ஒரு குழுவைத் தேடி அலையாதீர்கள். மாலிக்யூலர் டைனமிக்ஸ் (அணுக்களின் நகர்வைப் படிப்படியாகக் கணக்கிடுவது), டி.எஃப்.டி. (எலக்ட்ரான்களின் நிலையைக் குவாண்டம் விதிப்படி கணக்கிடுவது) கணக்குகள் போடும் ஒருவரை வழிகாட்டியாகப் பிடியுங்கள், உராய்வை நீங்கள் கொண்டுபோங்கள். லிம்போபோ பல்கலைக்கழகத்தில் பேட்டரிப் பொருள்களையும் பிளாட்டினக் கலவைகளையும் இதே முறைகளில்தான் ஆராய்கிறார்கள். உங்கள் ஊரிலேயே குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் வேதியியலும் ஒரே ‘ஸ்கூல்’ என்னும் துறைப் பிரிவுக்குள் இருக்கின்றன. வேதியியல்காரர்களையும் விடாமல் பாருங்கள்.

இயந்திரம் பற்றிக் கவலையே வேண்டாம். கேப் டவுனில் உள்ள தேசிய உயர்திறன் கணினி மையத்தின் ‘லெங்காவ்’ என்னும் சூப்பர் கம்ப்யூட்டர் 2016இல் ஒரு பெட்டாஃப்ளாப் (செகண்டுக்குப் பத்துக் கோடி கோடி கணக்கீடு) அளவு வேகத்தோடு வந்தது. இங்குள்ள பேராசிரியர் பெயரில் ஒரு திட்டம் இருந்தால், அவர் மாணவராக உங்களுக்கும் அதில் பயனர் கணக்கு கிடைக்கும். வீட்டிலிருந்தே வேலையை வரிசையில் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

அவ்வளவு கணினி நேரம் ஏன் வேண்டும் என்பதைப் பேராசிரியரிடம் நீங்கள் எண்ணோடு சொல்லவேண்டும், அதுதான் உங்களை மற்ற விண்ணப்பங்களிலிருந்து பிரித்துக் காட்டும். சிமுலேஷனில் ஒரு ஸ்டெப் ஏறத்தாழ ஒரு ஃபெம்டோ செகண்ட். ஒரு நானோ செகண்டுக்கே பத்து லட்சம் ஸ்டெப். மேற்பரப்பைத் தேய்க்கும் ஊசிமுனையை செகண்டுக்கு ஒரு மீட்டர் வேகத்தில் இழுத்தால் அதற்குள் ஒரு நானோமீட்டர் நகரும், கிராஃபைட்டில் நாலு அணு இடைவெளி. நிஜத்தில் இந்த உராய்வை அளக்கும் உராய்வு மைக்ரோஸ்கோப்பில் முனை செகண்டுக்கு ஒரு மைக்ரோமீட்டர் போகிறது என்று வையுங்கள். அதே வேகத்தைக் கணினியில் கொண்டுவர, ஒரே ஒரு இடைவெளியைத் தாண்டவே 25,000 கோடி ஸ்டெப் ஆகும். நேராக அடித்து முடிக்கிற வேலை இல்லை. கணினி வேகத்துக்கும் சோதனை வேகத்துக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை எப்படிக் கடப்பது என்பதில்தான் புதிதாகச் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது.

மின்னஞ்சல் அனுப்பும் முன், ஸ்பிரிங்கில் கட்டிய ஒரு முனையை அணுக்களின் மேடுபள்ளத்தில் இழுக்கும் பிராண்டில்-டாம்லின்சன் மாடலை லேப்டாப்பில் எழுதிப் பாருங்கள். 1928இலேயே வந்தது, நூறு வரிக்குள் அடங்கும். ஸ்பிரிங்கைத் தளர்வாக வைத்தால் விசை ரம்பப் பல்லாக ஏறிச் சட்டென்று இறங்கும். விறைப்பாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அந்தப் பற்கள் மறைந்து மென்மையாக வழுக்கும். 1987இல் டங்ஸ்டன் முனையை கிராஃபைட்டில் தேய்த்து அளந்தபோது அணு இடைவெளிக்கு ஒரு பல்லாகவே வரைபடம் வந்தது. அடுத்து லேம்ப்ஸ் என்னும் மாலிக்யூலர் டைனமிக்ஸ் மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள், இலவசம். இரண்டு வரைபடமும் அரைப்பக்க விளக்கமும் இணைத்த கடிதத்தைப் பேராசிரியர்கள் திறந்து படிப்பார்கள். ‘மதிப்புமிக்க ஐயா’ என்று தொடங்கி மதிப்பெண் பட்டியல் மட்டும் வைத்த கடிதத்துக்குப் பெரும்பாலும் பதில் வராது.

இத்தாலியின் ட்ரியஸ்டேயில் உராய்வுக் கோட்பாட்டில் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். அங்குள்ள ஐ.சி.டி.பி. என்னும் சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையம் வளரும் நாட்டு ஆய்வாளர்களுக்காகவே நடப்பது, அதன் ஆதரவோடு ஆப்பிரிக்காவிலேயே எலக்ட்ரானிக் ஸ்ட்ரக்சர் (டி.எஃப்.டி. போன்ற முறைகள்) பயிற்சிப் பள்ளியும் நடக்கிறது. இங்கே சேர்ந்த பிறகு அங்கே குறுகிய காலப் பயணத்துக்கு முயலுங்கள். முதலிலேயே குடும்பத்தை விட்டு ஓடவேண்டியதில்லை.

பணம்தான் நெருக்கடி. தேசிய ஆராய்ச்சி நிதியின் உதவித்தொகை பெரும்பாலும் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான், வெளிநாட்டவருக்கு மிகச் சிறிய பங்கு. அதனால் வழிகாட்டியின் திட்ட நிதியில் இடம் உண்டா, கட்டணத்தில் விலக்கு உண்டா என்று கூச்சப்படாமல் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். கணவர் விசாவோடு வந்தவர் படிக்கத் தனி அனுமதி வேண்டும், அதைப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

தமிழ் ஆட்கள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சாட்ஸ்வொர்த் பக்கம் 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழிவந்த குடும்பங்கள் நிறைய. வீட்டில் ஆங்கிலம்தான், ஆனால் தைப்பூசக் காவடிக்குப் போனால் உங்களை மகளாகவே சேர்த்துக்கொள்வார்கள்.

உங்கள் பட்டச் சான்றிதழ்களை சாக்வா என்னும் தகுதி ஆணையத்தில் மதிப்பீட்டுக்கு இந்த வாரமே போட்டுவிடுங்கள். மதுரையிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் வரத் தாமதமானால் எல்லாமே தள்ளிப்போகும்.