கத்தினது மட்டும் ப்ரோமோல, காரணம் எங்க?

கேள்வி: அக்கா, நானும் வீட்டுக்காரரும் பிக் பாஸ் விடாம பாப்போம். இப்பல்லாம் நான் கொஞ்சம் சத்தமா பேசினாலே "இன்னிக்கு ப்ரோமோ ரெடி"ன்னு பசங்க முன்னாடி அந்த மியூசிக்க வாயாலயே போடறார், பசங்களும் சிரிக்குதுங்க. எனக்கு நிஜமாவே கோபம் ஜாஸ்தியா?
வாசகி, ஈரோடு

பதில்: ஜாஸ்தியா கம்மியான்னு நான் எப்படிம்மா சொல்றது, எதுக்கு கோபப்பட்டீங்கன்னு லெட்டர்ல ஒரு வரி கூட இல்லையே. மியூசிக் இருக்கு, பசங்க சிரிச்சது இருக்கு, காரணத்த மட்டும் நீங்களே எடிட் பண்ணிட்டீங்க.

ஷோவும் அதத்தான் பண்ணுது. 24 மணி நேரம் கேமரா ஓடுது, நைட்டு நமக்கு வர்றது ஒண்ணு ஒண்ணரை மணி நேரம், ப்ரோமோன்னா இன்னும் குட்டி, அதுக்குள்ள விரல் நீட்டற ஒரு க்ளோசப், 'டொம்'னு ஒரு சத்தம், பக்கத்துல முழிக்கற நாலு முகம், அவ்ளோதான் அடங்கும் (அந்த முகமெல்லாம் அதே நேரத்துல எடுத்ததுதானான்னு எனக்கு எப்பவும் டவுட்டு). 2019ல மூணாவது சீசன்ல வனிதா விஜயகுமார ஆரம்ப வாரங்கள்லயே வெளிய அனுப்பிட்டு அப்புறம் அவங்களையே திரும்ப உள்ள கொண்டு வந்தாங்க, அவங்க போடற சண்டைக்காகத்தான்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். வெளிய அவங்களுக்கு 'வத்திக்குச்சி'ன்னு பேரு வேற. அதே சீசன்ல முகேன் கோபத்துல கட்டில்ல ஓங்கிக் குத்தி அது உடைஞ்சே போச்சு, கடைசில டைட்டில் அவருக்குத்தான்! நல்ல பையன், நல்லா பாடுவார், எனக்கும் பிடிக்கும், அது வேற. ஆனா அவர் உடைச்சப்ப "பாவம், மனசுல என்ன கஷ்டமோ"ன்னாங்க நிறைய பேரு, வனிதா கத்தினா "இவ எப்பவும் இப்படித்தான்". அவங்க பேசினதெல்லாம் நியாயம்னு சொல்லல, சிலது ரொம்பவே ஓவர்தான்.

வீட்டுக்காரர் நல்ல மூடுல இருக்கப்ப, சாப்பிட்டு முடிச்சப்புறம், ஒரு குறும்படம் போடுங்க. 2017ல போட்டியாளர் ஜூலி சொன்னது நிஜமான்னு காட்ட, நடந்தத அப்படியே கமல் போட்டுக் காட்டினாரே, அந்த மாதிரி. கேஸ் புக் பண்ணச் சொல்லி மூணாவது தடவ கேட்டும் ஃபோன பாத்துக்கிட்டே "ம்"னாரா, ஊர்லருந்து ஆள் வர்றத அன்னிக்கு காலைலதான் சொன்னாரா, உங்க வீட்டுல எதுவோ அத குரல உசத்தாம வரிசையா சொல்லுங்க, கத்தினத கடைசில வைங்க. பசங்க முன்னாடி மியூசிக் கூடாதுங்கறதுல மட்டும் விட்டுக் குடுக்காதீங்க, இன்னிக்கு அம்மாக்கு சிரிக்கற பசங்க நாளைக்கு க்ளாஸ்ல எதிர்த்துக் கேக்கற பொண்ணுக்கும் அதையேதான் போடும்.

ஷோவ நிறுத்தச் சொல்ல மாட்டேன், நானே விட்டதில்ல. லைவ் வர்ற சீசனா இருந்தா சண்டைக்கு முன்னாடி ஒரு மணி நேரத்த அவரையும் பக்கத்துல உக்கார வச்சு பாருங்க, கொஞ்சம் போரடிக்கும், பரவால்ல.