சங்கிலியைப் பிடித்திருப்பவர் யார்?

கேள்வி: ராட்வைலர், பிட்புல் மாதிரி நாய்களை ஒட்டுமொத்தமாகத் தடை செய்துவிட்டால் என்ன? உங்களைப் போன்ற நாய்ப் பிரியர்கள் ஏன் குறுக்கே நிற்கிறீர்கள்?
– ஒரு வாசகர், ஆவடி

பதில்: நாய்ப் பிரியன்தான். ஆனாலும் முதலில் என் கூட்டத்தாரிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறின. இப்படி நடக்கும்போதெல்லாம் 'நாய் மேல் தப்பில்லை, வளர்ப்புதான் சரியில்லை' என்று நாம் ஓடி வருகிறோம். அந்தக் குழந்தையைப் பெற்றவர்களிடம் பேசும் பேச்சா இது? பலசாலி நாய் கடித்தால் காயம் பெரிதாகத்தான் இருக்கும். அதை மறைத்துப் பேசுவதால் எந்த நாய்க்கும் நன்மை இல்லை.

சரி, உங்கள் கேள்வி. அந்த நாய்கள் சங்கிலி இல்லாமல் இருந்தன. நாயால் ஆபத்து வரும் என்று தெரிந்தும் அலட்சியமாக இருப்பது அன்றைக்கே குற்றம். இன்று, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு அதற்கு ஆறு மாதம் வரை சிறை என்கிறது. சென்னையில் நாய் வளர்க்க மாநகராட்சி உரிமம் வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்பதை மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. இவ்வளவும் இருந்தும் யாராவது வீடு தேடி வந்து உரிமம் கேட்டதுண்டா?

கேட்பதற்கு ஆள் போடாமல் பட்டியல் போடுவது சுலபம். அந்தச் சம்பவத்துக்கு முன்பே, 2024 மார்ச்சில், மத்திய அரசு 23 இனங்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனையை நிறுத்தச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசவில்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்து செய்தது. அந்தப் பட்டியலில் ராட்வைலர் உண்டு, நம் ராஜபாளையம் கிடையாது. ராஜபாளையம் காவலுக்குப் பேர் போன நாய், அந்நியரை அண்ட விடாது. அதையும் சேர்க்கச் சொல்லவில்லை. ஆனால் ஒழுங்காகப் பழக்காத ராஜபாளையம் உங்கள் பிள்ளையைக் கடித்தால் அந்தப் பட்டியலால் என்ன பயன்?

பிரிட்டன் 1991-லேயே பிட்புல் உட்பட நான்கு வகைகளைத் தடை செய்த நாடு. அங்கே அளவையும் தோற்றத்தையும் பார்த்துத்தான் தடை செய்யப்பட்ட வகையா என்று முடிவு செய்கிறார்கள். முப்பது ஆண்டு கழித்து, அந்த நான்கில் சேராத எக்ஸ்எல் புல்லி என்ற இன்னொரு பெரிய நாய் உயிர்களைப் பறித்தது. 2023 கடைசியில் அதையும் பட்டியலில் சேர்த்தார்கள். அப்போது, ஏற்கெனவே அதை வளர்ப்பவர்கள் தொடர்ந்து வைத்துக்கொள்ளச் சில நிபந்தனைகள் போட்டார்கள்: கருத்தடை, மைக்ரோசிப், வெளியே வந்தால் வாய்மூடியும் சங்கிலியும், அடுத்தவருக்குக் காயம் பட்டால் ஈடுகட்டக் காப்பீடு. நான் கேட்பது இதைத்தான். எந்த இனமானாலும் சரி, ஆளைச் சாய்க்கும் பலம் உள்ள எல்லா நாய்க்கும் இங்கே இதைக் கொண்டு வாருங்கள். அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன், கூடவே வந்து மனு கொடுப்பேன்.

அதுவரை, உங்கள் தெருவில் சங்கிலி இல்லாமல் யாராவது பெரிய நாயைக் கூட்டி வந்தால் மாநகராட்சியில் புகார் கொடுங்கள். அவர் என் நண்பராகவே இருந்தாலும் கொடுங்கள்.