ஒன்பது தடவை மாறிய லேபிள்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஏர்வாடியிலிருந்து எழுதுகிறேன். அச்சக வேலையை விட்டுவிட்டு, ஒன்றரை வருடமாக வீட்டிலிருந்தே டிசைன் செய்கிறேன். போன மாதம் மாமா முறையுள்ள ஒருவருக்கு முண்டு மிளகாய்த்தூள் பாக்கெட் லேபிள் செய்தேன். 2,500 ரூபாய் சொன்னேன். “நம்ம பிள்ளைதானே” என்று 1,500-க்கு முடித்தார். அப்புறம் ஒன்பது தடவை மாற்றச் சொன்னார். மிளகாய் பெரிதாக வேண்டும், சின்னதாக வேண்டும், மறுபடி பெரிதாக வேண்டும். கடைசியில் முதல் டிசைனே போதும் என்றுவிட்டார். நான் சொன்ன விலை தப்பா? மாற்றத்துக்குக் காசு கேட்டால் உறவு கெடாதா? பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

“முதல் டிசைனே போதும்” என்ற இடத்தில் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். எனக்கும் நடந்திருக்கிறது.

விலையை முதலில் பார்ப்போம். வீட்டுச் செலவு, கரண்ட், நெட், சாஃப்ட்வேர் சந்தா, என்றாவது மாற்ற வேண்டிய கம்ப்யூட்டருக்கு ஒதுக்குவது எல்லாம் சேர்த்து மாதம் 30,000 என்று வைத்துக்கொள். வருடத்துக்கு 3,60,000. ஆனால் நம் கரையில் 12 மாதக் கணக்கு செல்லாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஐஸ் கம்பெனி முதல் டீக்கடை வரை கையில் காசு இருக்காது, போர்டு மாற்றவும் யாரும் வரமாட்டார்கள். ஆகவே 10 மாதத்தில் சம்பாதிக்க வேண்டும்: மாதம் 36,000. எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் காசாகிற நேரம் நாலு மணிதான். 25 நாளுக்கு 100 மணி. மணிக்கு 360.

லேபிளுக்கு மூன்று மணி, திருத்தங்களுக்கு இரண்டு மணி என்றால் 1,800 ஆகிறது. நீ சொன்ன 2,500 தப்பில்லை, பேரத்துக்கு 700 இடமும் இருந்தது. நீ அதையும் தாண்டி இறங்கினாய். ஒன்பது மாற்றத்துக்கு ஒன்பது மணி போயிருந்தால், லேபிளோடு சேர்த்து 12 மணி நேரத்துக்கு 1,500. மணிக்கு 125! மாமா 2,500-ஐ முழுசாகக் கொடுத்திருந்தாலும் 208-தான். பேரத்தைவிட மாற்றத்தில்தான் நீ அதிகம் விட்டிருக்கிறாய்.

பாம்பனில் மீன் வாங்குகிறவர் வெட்டுவதற்கு முன்புதான் பேரம் பேசுவார். துண்டு போட்ட பிறகு “வேற மீன் குடு” என்று கேட்கமாட்டார். நாம்தான் துண்டு போட்ட பிறகும் மீனை மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

எல்லா மாற்றமும் ஒன்றல்ல. எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணின் 14 இலக்கத்தில் ஒன்றை நீ தப்பாக அடித்தால் திருத்துவது உன் கடன், காசு கேட்காதே. அவர் மனம் மாறினால் அது வேலை. இரண்டு சுற்றுத் திருத்தம் விலைக்குள் அடங்கும், மூன்றாவதிலிருந்து சுற்றுக்கு 300 என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடு. மாமா ஒரு வாய்ஸ் நோட், மாமி ஒன்று, மருமகன் ஒன்று என்று வந்தால் முடியவே முடியாது. ஒரே ஆள், ஒரே மெசேஜ்.

ஓகேவையும் எழுத்தில் வாங்கு. ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு “சரி, அடிச்சிரு” என்று போனில் சொன்னார்கள். ஆயிரம் அடித்த பிறகு முகூர்த்த நேரம் தப்பு என்று தெரிந்தது. யார் சொன்ன நேரம் என்று இரண்டு நாள் சண்டை. மறு அச்சுச் செலவில் பாதி என் தலையில் விழுந்தது.

தள்ளுபடி கேட்டால் வேலையையும் குறை. 1,500 என்றால் 250 கிராம் பாக்கெட் மட்டும், ஒரே திருத்தம். சொந்தம் என்று மனசார விட்டுக்கொடுக்கிறாயா, தாராளமாகக் கொடு. ஆனால் பில்லில் 2,500 எழுதி, கீழே கழிவு 1,000 என்று காட்டு. இல்லாவிட்டால் அவர் அனுப்பும் அடுத்த ஆளும் 1,500-ஓடுதான் வருவார்.

உறவு கெடுமா என்று கேட்டாய். பாதியில் கேட்டால் கெடும். மாமா எப்படியும் மல்லித்தூளுக்கு வருவார். அன்றைக்கு அனுப்ப எழுதி வைத்துக்கொள்: “மாமா, லேபிள் 2,500. இரண்டு திருத்தம் இதிலேயே சேர்ந்தது, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 300. பாதி இப்போது அனுப்புங்கள், இன்றைக்கே தொடங்கிவிடுகிறேன்.”