பிள்ளை சொன்னதை அப்படியே எழுதுங்கள்

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, என் மகனுக்கு மூன்றரை வயது. இன்னும் பள்ளியில் சேர்க்கவில்லை. வீட்டில் அவன் கற்பதையெல்லாம் எழுதி வைக்கலாம் என்று ஒரு நோட்டு போட்டேன். "இன்று ஐந்து நிறம் சொன்னான்", "பத்து வரை எண்ணினான்", "இன்று ஒன்றும் கற்கவில்லை" என்று பத்து நாள் எழுதினேன். அப்புறம் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. க்ரேயானைக் கையில் கொடுத்தால் வெறும் கிறுக்கல்தான். இதைத் தொடர்வதா, விட்டுவிடுவதா?

பதில்: தொடருங்கள். எழுதும் விதத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் பத்து நாள் பக்கங்களைப் படித்தால் அவன் எத்தனை சரியாகச் சொன்னான் என்று தெரிகிறது. அவன் எப்படிப்பட்ட பிள்ளை என்று தெரியவில்லை.

என் மூத்த மகளுக்காக நான் வைத்திருந்த நோட்டிலிருந்து ஒரு நாளைத் தருகிறேன். "வயது மூன்று, எட்டு மாதம். குவளையால் வாளிக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஏழு வரை எண்ணினாள், அப்புறம் மறுபடி ஐந்து என்றாள். வாளி நிரம்பவில்லை. 'இதுக்கு இன்னும் தாகம்' என்றாள். குவளையைக் கீழே வைத்துவிட்டுப் பெரிய பாத்திரத்தைத் தேடிப் போனாள்." இவ்வளவுதான், எழுத மூன்று நிமிடம் ஆகியிருக்கும். பெரிய பாத்திரமாக இருந்தால் சீக்கிரம் நிரம்பும் என்று அவளாகவே யோசித்திருக்கிறாள். "ஏழு வரை எண்ணினாள்" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த யோசனை எனக்கு என்றைக்கும் கிடைத்திருக்காது.

எண்ணுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கரண்டிகளை "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று பிழையில்லாமல் எண்ணிய பிள்ளையிடம் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். பல குழந்தைகள் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது தனியாகப் புரிய வேண்டிய விஷயம். பெரும்பாலும் மூன்றரை, நான்கு வயதில்தான் பிடிபடும். அது புரிந்த நாள் உங்கள் நோட்டில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சார்லஸ் டார்வின் 1839-ல் பிறந்த தன் மூத்த மகனைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பெழுதினார். ஏழாம் நாள் உள்ளங்காலைக் காகிதத் துண்டால் தொட்டதும் குழந்தை காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டதை அதில் பதிந்து வைத்தார். அந்தக் குறிப்புகள் 1877-ல் கட்டுரையாக வந்தன. அத்தனை ஆண்டு கழித்தும் அவை பயன்பட்டதற்குக் காரணம், கண்ணால் கண்டதை அவர் அன்றன்றே எழுதியதுதான். "கெட்டிக்காரன்", "கவனமில்லை" என்பதெல்லாம் நம் முடிவுகள். எதைப் பார்த்து அப்படி நினைத்தீர்களோ, அதை எழுதுங்கள்.

கிறுக்கலுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்கு வருத்தம் தந்த சொல் அந்த "வெறும்"தான். நாம் போட்டுக் காட்டும் நெடுங்கோட்டைப் பார்த்துப் போடுவது சுமார் இரண்டு வயதில் வரும். வட்டம் மூன்றில், கூட்டல் குறி நான்கில், சதுரம் நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில், முக்கோணம் ஐந்தை ஒட்டி. பிள்ளைக்குப் பிள்ளை இது முன்பின்னாகும். மனிதரை முதன்முதலாக வரையும்போது பல குழந்தைகள் ஒரு பெரிய வட்டம் போட்டு அதிலிருந்தே இரண்டு கால்களை இறக்குவார்கள், உடம்பே இருக்காது. ஆக, இன்றைய சுழல் கோடு நாளைய முகத்துக்கான பயிற்சி. அதைத் தேதியோடு நோட்டில் ஒட்டுங்கள்.

"இது என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். பதில் சொல்லியே ஆகவேண்டுமே என்று பிள்ளை எதையாவது சொல்லிவிடும். "இதைப் பற்றிச் சொல்லேன்" என்றால் போதும். அவன் சொல்வதைப் பின்பக்கத்தில் எழுதுங்கள். நான் ஒருமுறை மகளின் படத்தின் மேலேயே பேனாவால் "பூனை" என்று எழுதிவிட்டேன். "அது என் பேப்பர்" என்று அழுதாள். பல நாள் எனக்கு எதையும் வரைந்து காட்டவில்லை. அன்றிலிருந்து கேட்காமல் அவள் காகிதத்தின் முன்பக்கத்தைத் தொட்டதில்லை.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது: அவன் பக்கத்தில் இருக்கும்போதே எழுதுங்கள். அவன் சொல்லச் சொல்ல எழுதி, விரலை ஓட்டி அதையே படித்துக் காட்டுங்கள். தன் வாயிலிருந்து வந்த பேச்சு காகிதத்தில் உட்கார்ந்து, மறுபடி அதே பேச்சாக வருவதைப் பார்க்கும் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்பது புரிந்துவிடும். நியூசிலாந்தில் 'கற்றல் கதைகள்' என்று ஒரு முறை உண்டு. மார்கரெட் கார் என்ற கல்வியாளர் முன்னின்று உருவாக்கியது. அதில் மதிப்பெண் பட்டியல் கிடையாது. பிள்ளை செய்ததை ஆசிரியர் கதையாக எழுதுவார், பல நேரம் "நீ இன்று இப்படிச் செய்தாய்" என்று பிள்ளையிடமே பேசுவதுபோல. அதை நாமும் செய்யலாம். சில வாரம் கழித்துப் பழைய பக்கங்களைப் படித்துக் காட்டுங்கள். "அப்போ எனக்குத் தெரியாது, இப்போ தெரியும்" என்று ஒருநாள் அவனே சொல்வான். அதையும் எழுதிவிடுங்கள்.

தினமும் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு மூன்று குறிப்பு, ஒவ்வொன்றிலும் தேதியும் வயதும். விட்டுப்போன வாரங்களுக்காகக் கவலைப்படாதீர்கள்.

கேள்வி: என் மகளின் படங்களும் வீடியோக்களும் ஆயிரக்கணக்கில் ஃபோனில் இருக்கின்றன. நோட்டு வேறு எதற்கு?

பதில்: அந்த ஆயிரத்தை யார், எப்போது பார்க்கப்போகிறார்கள்? வாரம் ஒரு படத்தை மகளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அச்செடுத்து ஒட்டி, அவள் சொல்லும் வரியைக் கீழே எழுதுங்கள். அவள் எதைத் தேர்ந்தெடுக்கிறாள் என்பதே ஒரு குறிப்புதான். ஆழ்ந்து விளையாடும்போது ஃபோனை நீட்டினால் பிள்ளை விளையாட்டை விட்டுவிட்டுச் சிரித்துக் காட்டும். அப்போது ஃபோனைக் கீழே வைத்துவிடுங்கள், ஐயா.

கேள்வி: என் பேத்திக்கு நான்கு வயது. "நாளைக்கு நான் விழுந்தேனே" என்கிறாள். நோட்டில் திருத்தி எழுதலாமா?

பதில்: திருத்தாதீர்கள். இன்றைக்கு நடந்ததில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முன்னா பின்னா என்பதற்கான சொல்தான் இன்னும் நிலைக்கவில்லை. "ஆமாம், நேற்று விழுந்தாய், முட்டி வலித்ததா?" என்று பேச்சிலேயே சரியான சொல்லைக் கொடுத்துவிடுங்கள். நோட்டில் அவள் சொன்னபடியே இருக்கட்டும்.

நான்கு வயதில் ஒரு பிள்ளை பேசுவதில் பெரும்பகுதி வெளியாட்களுக்கும் புரிய வேண்டும். புரியவில்லை என்று எப்போதாவது தோன்றினால், இந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். தேதியோடு அவளுடைய சொந்தச் சொற்களே எழுதியிருந்தால், எப்போதிலிருந்து, எந்த மாதிரி என்ற கேள்விகளுக்கு நீங்கள் நினைவிலிருந்து தேட வேண்டியிருக்காது.