தக்காளிப் புள்ளி நோய்க்கு வைரஸ் தெளிக்கலாமா?

கேள்வி: தக்காளியில் இலையெல்லாம் கரும்புள்ளி, காயிலும் சொரசொரப்பாக வருகிறது. காப்பர் மருந்து மூன்று முறை அடித்தும் நிற்கவில்லை. பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் இருக்கிறதாமே, அதை அடிக்கலாமா? செடிக்கும் எங்களுக்கும் கெடுதல் வராதா?

பதில்: முதலில் உங்கள் பயத்தைப் போக்கிவிடுகிறேன். நீங்கள் கேட்பது பாக்டீரியோபேஜ், சுருக்கமாகப் பேஜ். இது பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டு தன் மரபுப்பொருளை உள்ளே செலுத்தும். அதற்குள்ளேயே பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். செடியின் செல்லிலோ நம் செல்லிலோ இதனால் பெருக முடியாது. 1917-இல் இதற்குப் பெயர் வைத்த விஞ்ஞானி டெரெல், சீக்கிரமே வயிற்றுக்கடுப்பு நோயாளிகளுக்கு இதை மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார். லண்டனில் எந்த மருந்துக்கும் அடங்காத தொற்றோடு போராடிய 15 வயதுப் பெண்ணுக்கு மூன்று பேஜ்களைச் சேர்த்துச் செலுத்தினார்கள். அவள் உடல்நிலை நன்றாகவே தேறியது. அந்த மூன்றில் ஒன்று அழுகிய கத்தரிக்காயிலிருந்து கிடைத்தது. இதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

தக்காளிப் புள்ளி நோய்க்கான பேஜ் மருந்தை அமெரிக்கா 2005-இலேயே பதிவு செய்தது. ஆகவே அடிக்கலாம். ஆனால் ஒரு பேஜ் ஒரு வகை பாக்டீரியாவைத்தான் தாக்கும், சில நேரம் அதிலும் சில ரகங்களை மட்டும். உங்கள் வயலில் இருப்பது எது என்று தெரியாமல் வாங்கினால் பணம்தான் வீண். காப்பருக்கு அடங்கவில்லை என்றால், அதைத் தாங்கிப் பழகிய பாக்டீரியாவாக இருக்கலாம், வேறு நோயாகவும் இருக்கலாம். புள்ளிக்குள் வளையம் வளையமாகத் தெரிந்தால் அது பூஞ்சைக் கருகல்; பேஜ் அதைத் தொடவே தொடாது. நோயுள்ள இலையை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். வாங்கும்போது பல பேஜ்கள் கலந்ததாக வாங்குங்கள். ஒன்றே ஒன்று என்றால் பாக்டீரியா சீக்கிரம் பழகிவிடும்.

தெளிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் பேஜைச் சில மணி நேரத்திலேயே செயலிழக்கச் செய்யும். அதனால் பொழுது சாய்ந்த பிறகே அடியுங்கள். ஈரம் இருக்கும் இரவில் அது வேலை செய்யும். காப்பரோடு ஒரே டாங்கில் கலக்காதீர்கள், குளோரின் கலந்த தண்ணீரும் வேண்டாம். புள்ளி தெரியும் முன்பே, நாற்றிலிருந்தே தொடங்கித் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். இலை முழுக்கப் புள்ளி விழுந்த பிறகு அடித்துப் பெரிய பலன் இல்லை. உங்கள் செடி இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது என்பதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

அழுகிய செடியை ஊறவைத்து நீங்களே பேஜ் தண்ணீர் தயாரிக்க வேண்டாம். நோயைத்தான் வயல் முழுக்கப் பரப்புவீர்கள்.

இப்போதைக்கு நோயுற்ற இலைகளை ஈரமில்லாத நேரத்தில் கிள்ளி அகற்றுங்கள், மேலிருந்து தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள். அடுத்த பயிருக்கு விதையை 50 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 25 நிமிடம் வைத்து, ஆறவிட்டு, உலர்த்தி விதையுங்கள். இந்த நோய் விதையோடும் வரும். அந்த நாற்றுக்கு முதல் வாரத்திலிருந்தே பேஜ் அடித்தால் நீங்கள் எதிர்பார்க்கும் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம்.